வேலியோரத்துக் கிழங்கு

நாலு வீடு கேட்டுவிட்டு ஐந்தாவதாக என்னிடம் வந்திருக்கிறீர்கள், ஐயா. முதலிலேயே இங்கே வந்திருந்தால் உங்களுக்கு நடை மிச்சம். அந்த நாலு பேருக்கும் தெரிந்ததெல்லாம் என்னிடமிருந்து போனதுதான். உட்காருங்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். சுவரோடு சாய்த்துக்கொண்டால் ஒன்றும் செய்யாது.

குழந்தையைப் பெற்றவள் கவனக்குறைவாக இருந்தாளா என்றுதானே எழுத வந்திருக்கிறீர்கள்? அவள் கணவனின் அக்காமார் அப்படித்தான் உங்கள் போலீஸ் நிலையத்தில் சொல்லியிருக்கிறார்களாம். அதை எழுதுவதற்கு முன் நான் சொல்வதைக் கேளுங்கள். நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன். அந்த நாலு வீட்டிலும் அதையும் சொல்லியிருப்பார்கள்.

தமாண்டானியும் அவள் கணவன் லிம்பிகானியும் தலைநகர் லிலோங்வேயிலிருந்து வந்து என் தோட்டத்தை ஒட்டி வீடு கட்டியது போன மழைக்கு முந்தின மழையில். ஏரியைப் பார்த்த மாதிரி ஆளுயரக் கண்ணாடி ஜன்னல். அமைதியைத் தேடி வந்தார்களாம். எங்கள் ஊரில் அமைதி என்று ஒன்று இருந்ததே அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வந்த வாரமே வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க சேவல் எத்தன மணிக்கு நிறுத்தும்?"

"அதுகிட்டயே கேளும்மா. என்கிட்ட அது இதுவரைக்கும் சொன்னதில்ல."

இதைக் கிணற்றடியில் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் ந்யாமாண்டா வீட்டுச் சேவலுக்குக் கடிகாரம் வரப்போகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. ந்யாமாண்டா நான்தான். அதற்கப்புறம் காலையில் உலக்கை இடிக்கிற சத்தம் ஆகவில்லை என்றாள். பிறகு உசிபா மீன் காய்கிற வாடை. "புருஷன் குறட்ட விட்டாக்கூட ஊர்த் தலைவர்கிட்ட புகார் குடுப்பா போல இருக்கே" என்றாள் எதிர்வீட்டு ந்யாபிரி. சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

ஆனால் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். இதே ந்யாபிரியின் மகளுக்கு இடுப்புவலி கண்டபோது தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவன் லிம்பிகானிதான். இருக்கையெல்லாம் பாழாயிற்று. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர்கள் மகள் தியாமிகே. ஆறு வயது. எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நடுவேயுள்ள வேலியில் ஆட்டுக்குட்டி நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. சேறு, கிருமி, போகாதே என்பாள் தாய். இவள் செருப்பை வேலிக் குச்சியில் மாட்டிவிட்டு வெறுங்காலோடு நுழைந்துவிடுவாள்.

"பெரியம்மா, உங்க வீட்ல டிவி எங்க இருக்கு?"

"வாசல்ல ஓடிட்டிருக்கு பாரு" என்று கோழிகளைக் காட்டினேன். அன்று மத்தியானம் வரை உட்கார்ந்து பார்த்தாள்.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஜோகன்னஸ்பர்க்கில். போன் செய்தால், "சுருக்கமா சொல்லும்மா" என்பார்கள். இவள் அப்படியில்லை. நான் ஊர்க்கதை சொன்னால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்பாள். யார் வீட்டு ஆடு, யார் வீட்டுச் சண்டை, யார் யாரோடு ஓடிப்போனது, எல்லாவற்றுக்கும் "அப்புறம்?". என் ஆயுசில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எதையும் வெளியே சொல்லாத ஒரே ஆள் அவள்தான்.

இனி குழி விஷயம். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

எங்கள் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் ஓடைக்கரையில் ஒரு குழி உண்டு. கசப்பு மரவள்ளியை அதில் மூன்று நாலு நாள் ஊறப்போட்டு, நைந்ததும் எடுத்து, காயவைத்து, இடித்து, அந்த மாவில்தான் களி கிண்டுவோம். என் குழி என் மாமியார் வெட்டியது. ஊறும்போது நாறும். நாறத்தான் வேண்டும். கிழங்கிலிருக்கிற கெட்டது வெளியே போகிற வாடை அது. நாறாத கிழங்கைக் கண்டால்தான் எங்களுக்குப் பயம்.

காற்று திரும்பினால் அந்த வாடை நேராக அவள் ஜன்னலுக்குப் போகும். என்னிடம் வந்து கேட்டிருந்தால் எதற்கென்று சொல்லியிருப்பேன். அவள் வரவில்லை. ஓடைத் தண்ணீர் கெடுகிறது என்று ஒரு கடிதத்தோடு ஊர்த் தலைவர் சியூமியாவிடம் போனாள். அவர் இரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு மண்வெட்டியோடு வந்தார். அன்றைக்கு என் கிழங்குக்கு மூன்றாம் நாள்.

"கோவிச்சுக்காதே ந்யாமாண்டா, மேலிடத்து உத்தரவு."

"மேலிடம்னா எது தலைவரே, அந்தக் கண்ணாடி வீடா?"

அவர் ஆட்களுக்குக் கை காட்டினார். கிழங்கை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குள் முதல் மண் விழுந்துவிட்டது. அன்றைக்கே கரையிலிருந்த எல்லாக் குழியையும் மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு குன்றுக்கு அந்தப்பக்கம் போய்த்தான் ஊறப்போட வேண்டும். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி. இளசுகள் போனார்கள். என் முழங்காலுக்கு அந்த ஏற்றம் ஆகாது. மற்றவர்கள் மாவில் ஒரு கை கொடுப்பார்கள், வாங்கிக்கொள்வேன். ஐம்பத்தெட்டு வயதில், தோட்டம் நிறையக் கிழங்கை வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டு வாசலில் கிண்ணத்தோடு நின்றேன். கிணற்றடியில் நான் வந்தால் பேச்சு நிற்க ஆரம்பித்தது. அது நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

அடுத்து சர்வேயர் வந்தார். எல்லைக்கல்லைத் தள்ளி நட்டதில் என் கடைசி வரிசை மரவள்ளிச் செடிகள் அவர்கள் பக்கம் போயின. அதை நான் பெரிதுபண்ணவில்லை. வேலியோரத்தில் கசப்பு, அடுப்படியோரத்தில் இனிப்பு. எங்கள் பெண்கள் நடுகிற முறை அப்படி. குரங்கும் திருடனும் முதல் வரிசையிலேயே கையை வைத்துப் பட்டுத் திரும்பட்டும் என்று. வேலியோரத்துக் கிழங்கை யாரும் அப்படியே அவித்துத் தின்ன மாட்டார்கள். நடக்கப் பழகின பிள்ளைக்கும் தெரிந்தது. யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த விஷயமில்லை. பட்டணத்தில் விற்பது இனிப்பு வகை மட்டும். அதை அவித்துத் தேநீரோடு தின்பார்கள். அவர்களுக்கு மரவள்ளி என்றால் அது ஒன்றுதான்.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை காலையில் தமாண்டானி மண்வெட்டியோடு வந்தாள். கைக்கு உறை போட்டிருந்தாள்.

"அக்கா, இந்த வரிசை இப்ப எங்க பக்கம்தான வருது? மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. நம்ம தோட்டத்துக் கிழங்க நம்மளே தோண்டித் திங்கணும்னு ஒரு ஆசை. முத்திடுச்சா?"

"முத்திடுச்சு" என்றேன்.

அது உண்மை. நன்றாக முத்தியிருந்தது. அவள் வெட்டுகிற விதம் சரியில்லை. "அப்படிப் போடாதம்மா, கிழங்கு ஒடிஞ்சிரும். தூர்ல கைய குடுத்து அசைச்சு இழு" என்று வழி சொன்னேன். அழகாக வந்தது. "நீங்க இல்லாட்டி இந்த ஊர்ல எனக்கு என்னக்கா தெரியும்" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம்.

நான் என்ன நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். நாற்றம் வேண்டாம் என்றாள், நாறாத கிழங்கு கிடைத்தது. ஒரு நாள் வயிறு புரட்டும், தலை சுற்றும். அப்புறம் குழி எதற்கென்று தானாக வந்து கேட்பாள். இவ்வளவுதான் நினைத்தேன். கிணற்றடியில் எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்தினால் எல்லாரும் சிரிப்பார்கள் என்பதுவரை மனதில் அடுக்கி வைத்துவிட்டேன். சனிக்கிழமைகளில் குழந்தை அப்பாவோடு காரில் ம்சூசூ பட்டணத்துக்கு நீச்சல் பழகப் போய்விடும். அன்றைக்குக் கார் வீட்டுக்குப் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை என்று உங்களிடம் சொல்லலாம். கவனித்தேன். நான் கவனிக்காமல் இந்தத் தெருவில் எது நின்றிருக்கிறது?

மத்தியானத்துக்கு முன்னால் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. மலைப்பாதையின் மூன்றாவது திருப்பத்திலேயே பிள்ளைக்கு முடிந்துவிட்டது. லிம்பிகானி மரவள்ளி தொடுவதில்லை. தமாண்டானி ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, ருசி பிடிக்காமல் வைத்துவிட்டாளாம். அவளுக்குத் தலைசுற்றலோடு போயிற்று. நான் நினைத்த மாதிரியேதான், அவளுக்கு.

துக்க வீட்டில் மூன்று நாள் அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். என் மடியில்தான் படுத்திருந்தாள். "உங்க வீட்டுக்குத்தானக்கா ஓடி ஓடி வருவா. கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா. சிரிச்சா."

மூடின அதே ஆட்களை வைத்து சியூமியா குழிகளைத் திறக்கச் சொல்லிவிட்டார். யாரும் போய்க் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அந்த வாடை துக்க வீட்டுக்குள்ளேயே வந்தது. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தமாண்டானி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். என் குழி வெறுமனே கிடக்கிறது. நான் இன்னும் ஒன்றும் போடவில்லை.

அன்றைக்கு லிம்பிகானி வாசலில் நின்று எங்கள் எல்லாரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டான். கோபமாகக்கூட இல்லை. "இது திங்கற கிழங்கு இல்லன்னு இங்க உங்க எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்ல இருந்து உங்க யார்கிட்டயுமே ஒரு வார்த்த கேக்கலயா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்போமே தம்பி" என்றார்கள் எல்லாரும். நானும் சொன்னேன். என் குரல்தான் எடுப்பாக இருந்தது.

இப்போது எழுத வேண்டியது இதுதான். அந்த சனிக்கிழமை பத்து மணிக்கு தியாமிகே வேலிச் சந்தில் நுழைந்து வந்தாள். கையில் தட்டு. அவித்த கிழங்கு நாலு துண்டு, ஓரத்தில் சர்க்கரை.

"பெரியம்மா, நம்ம தோட்டத்துது. உனக்குத்தான் ஃபர்ஸ்ட்டு."

"எனக்குப் பல்லு வலிக்குது கண்ணு" என்றேன். எனக்குப் பல்வலி இல்லை.

தானே ஒன்றை வாயில் போட்டாள். முகம் சுருங்கிப்போயிற்று. மென்றதை நாக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கசக்குது பெரியம்மா. இது திங்கலாமா?"

தட்டைத் தட்டிவிட எவ்வளவு நேரம் ஆகும்? கை நீட்டுகிற தூரத்தில்தான் நின்றாள். தட்டிவிட்டால், ஏன் தட்டினாய் என்று அவள் தாய் கேட்பாள். தோண்டும்போதே தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாள் ந்யாமாண்டா என்று மாலைக்குள் கிணற்றடியில் பேசுவார்கள். எப்படிப் பேசுவார்கள், யார் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார்கள் என்றெல்லாம் எனக்குத் தெரியும், ஐயா. அத்தனையும் நான் பழக்கிவிட்டது. ஊரார் கதையைச் சுமந்த வாய்க்குத் தன் கதை அங்கே போவது தாங்காது. அதையெல்லாம் யோசித்து முடிக்க எனக்கு நேரம் இருந்தது. அவள் அதுவரை விழுங்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"திங்கலாம் கண்ணு. சர்க்கரைய நல்லா தொட்டுக்கோ" என்றேன். நாலாவது துண்டுக்கு சர்க்கரை தீர்ந்துபோயிற்று. உள்ளே போய் நான்தான் கொண்டுவந்து போட்டேன்.

ஆகையால் தாயின் மேல் எழுதாதீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். மற்றவர்கள் விஷயத்தில் அது சரிதான்.

தியாமிகே என்னிடம் கேட்டாள்.