ஈர மணலில் வைத்த மருந்து

பாஸ்டர் வீட்டு ஃபிரிட்ஜை யார் வேண்டுமானாலும் திறப்பார்கள், மேடம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் சகோதரிகள் நேராக என் சமையலறைக்குத்தான் வருவார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டில் எடுப்பாள், ஒருத்தி பால் கொண்டுவந்து வைப்பாள், ஒருத்தி சும்மா திறந்து பார்த்துவிட்டு மூடுவாள். அவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த ஃபிரிட்ஜ், அதனால் நானும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு தடவை உள்ளே ஐஸ்கிரீம் டப்பா இருந்ததை எத்தனையோ வாரம் பேசினார்கள். என் கணவருடைய இன்சுலினை அங்கே எப்படி வைப்பது? படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில் ஒரு மண்சட்டி. சட்டியில் ஈர மணல், மணலுக்குள் பாட்டில். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் சத்தியவேட்டு வெயிலுக்கும் குளிர்ச்சி நிற்கும்.

அவர் எப்படி இறந்தார் என்றுதானே கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன், நான் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் தெலுங்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவர் எத்திராஜ் வெதுருகுப்பத்து விவசாயக் குடும்பம். பெருமாள் கும்பிடுகிற வீடு. சித்தூர்ப் பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை செய்தபோது ஒரு கூட்டத்துக்குப் போய் ரட்சிக்கப்பட்டார். பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டார். ‘பாஸ்டர் எத்திராஜ்’ என்று போர்டு வைத்தால் போகிற ஜனம் நின்று படிக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த மாதிரி விஷயங்களில் கெட்டிக்காரர். சத்தியவேட்டில் ஒரு தகரக் கொட்டகையில் சபை ஆரம்பித்தோம், அதை ஒட்டியே எங்கள் வீடு. எங்கள் ஜனத்தில் பாதிக்குத் தமிழ், பாதிக்குத் தெலுங்கு. அவர் ஒரு வாக்கியம் தமிழில் சொல்வார், பக்கத்தில் நின்று நான் அதைத் தெலுங்கில் சொல்வேன். அவர் சத்தம் போட்டால் நானும் சத்தம் போட வேண்டும், அவர் அழுதால் நானும் அழ வேண்டும். அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நேனு’ என்பேன். கல்யாணமான நாளிலிருந்து மைக்கில் நான் எனக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை.

எங்களுக்கு ஒரே பெண், ஹர்ஷினி. பதினோரு வயதில் அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. பிள்ளைகளுக்கு வருகிற வகை, ஆயுசுக்கும் ஊசி, ஒரு நாளும் விடக் கூடாது என்று திருப்பதி டாக்டர் சொன்னார். ஹர்ஷினி பயப்படவில்லை. சீக்கிரமே தானாகத் தொடையில் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள். போட்டுவிட்டுப் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

எங்கள் சபையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். கேட்டவர்கள் ஆமென் சொல்வார்கள். ஆமென் சொல்லிவிட்டால் அந்தச் சாட்சி முடிந்தது, மேடம். அப்புறம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது, சொன்னவரும் பின்வாங்கக் கூடாது. பின்வாங்கினால் ஆண்டவரைப் பொய்யராக்குவதாக அர்த்தம். அப்படி ஒரு சாட்சி நேரத்தில் அவர் ஹர்ஷினியை மேடையில் ஏற்றி, என் மகள் சுகமாகிவிட்டாள், இனி ஊசி இல்லை என்றார். நான் தெலுங்கில் சொன்னேன். சபை ஆமென் என்றது. வீட்டுக்கு வந்து மருந்தைக் கால்வாயில் கொட்டிவிடச் சொன்னார்.

சில நாளில் பிள்ளை சபை ஹாலில் பாயில் கிடந்தாள். சுற்றி மூப்பர்மார் முழங்காலில் இருந்தார்கள். அவளுக்குத் தாகம், எவ்வளவு குடித்தாலும் தீராத தாகம். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“நைனா, ஊசி போடச் சொல்லு நைனா. எனக்கு அப்பறமா சுகமாவட்டும்.”

அவர் சபையைப் பார்த்துத் திரும்பினார்.

“இது புள்ள பேசல. அவிசுவாச ஆவி பேசுது. சத்தமா ஜெபம் பண்ணுங்க.”

பண்ணினார்கள். மறுநாள் அவளைச் சபைக்குப் பின்னால் அடக்கம் செய்தோம்.

சபை உடைந்து போகும் என்று நினைத்தேன். வளர்ந்தது. நகரி, புத்தூர், ஏர்பேடு என்று கன்வென்ஷனுக்குக் கூப்பிட்டார்கள். அங்கெல்லாம் அவர் ஹர்ஷினி கதையைத்தான் சொல்வார். என் மகள் சிரித்துக்கொண்டே ஆண்டவரிடம் போனாள், கடைசிவரை மருந்து கேட்கவில்லை என்பார். நான் பக்கத்தில் நின்று தெலுங்கில், நா கூத்துரு மந்து அடகலேது என்று சொல்ல வேண்டும். கேட்டாள், மேடம். என் காது கேட்டது. கேட்கவில்லை என்று என் வாயாலேயே ஊர் ஊராகச் சொல்ல வைத்தார். அப்போதிலிருந்து அவரை வெறுத்தேன். இதற்கு வேறு நல்ல வார்த்தை தேட எனக்கு இஷ்டமில்லை.

அப்புறம் அவருக்கே சர்க்கரை வந்தது. கலர் டீஷர்ட் போட்டுக்கொண்டு, தன்னை யாருக்கும் தெரியாத சென்னைக்கு பஸ் ஏறினார். மாத்திரைக்கு அடங்காது, இன்சுலின் விடாமல் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்களாம். திரும்பி வரும்போது டிஃபன் டப்பாவில் மருந்து.

“வெளிய தெரியக் கூடாது பிரமிளா. ஊழியம் நின்னுபூடும்.”

“ஹர்ஷினி கேட்டப்ப இன்னா சொன்னீங்க?” என்றேன்.

“அவ கொழந்த, அவளுக்கு மோட்சம் நிச்சயம். எனக்கு இன்னும் வேல கீது.”

நான் சண்டை போடவில்லை. ஊசியை வாங்கி நானே போட்டேன். அவருக்கு ஊசியைப் பார்த்தாலே கண் இருட்டும், அதனால் தினமும் நான்தான் போட வேண்டியிருந்தது. அப்படிச் சில வருஷம் போனது. ஒரு காலையில் போடாமல் விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது கொலை. நான் அந்த மாதிரி ஆள் இல்லை.

இந்த ஜனவரியில் வருஷாரம்ப உபவாச ஜெபம் வந்தது. அது முடிகிறவரை பாஸ்டர் ஹாலைவிட்டு வெளியே வர மாட்டார். செல்போனை மூப்பரிடம் கொடுத்துவிடுவார். பகல் முழுக்கப் பட்டினி, சாயங்காலம் ஜூஸ். ஆள் மாற்றி ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சங்கிலி ஜெபம் நடக்கும். மற்ற வருஷங்களில் காலையில் கால் அமுக்கிவிடுகிற சாக்கில் போர்வைக்குள் ஊசியைப் போட்டுவிட்டு வருவேன்.

முதல் ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் எழுந்து மைக்கை வாங்கினேன். என் கணவருக்குச் சர்க்கரை இருந்தது, யாருக்கும் தெரியாமல் நான்தான் ஊசி போட்டேன், ஆண்டவர் இன்று அவரை முழுசாகச் சுகமாக்கிவிட்டார், இனி ஊசி இல்லை என்றேன். தமிழிலும் நானே சொன்னேன், தெலுங்கிலும் நானே சொன்னேன். ஹால் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினேன். இல்லை, எனக்கு மருந்து வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரும் அவர் வாயைப் பொத்தவில்லை. என்னைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்தார், ஆமென் என்றார்.

கூட்டம் கலையும்போது என் மணிக்கட்டைப் பிடித்து, நாளைக்கு எப்போதும்போல வந்துவிடு என்று காதோரம் சொன்னார்.

“கால்வாயில கொட்டிட்டேங்க,” என்றேன். “அப்ப நீங்க சொன்ன மாதிரியேதான்.”

உபவாசம் முடிகிறவரை தாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். கொஞ்சம் நம்பியும் இருப்பார் என்று நினைக்கிறேன். அத்தனை பேர் ஆமென் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். சாயங்காலமானால் சகோதரிகள் திராட்சை ஜூஸ் கொண்டுவருவார்கள். சொம்பு சொம்பாகக் குடித்தார். அந்தத் தாகத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். பாயோரம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன், மனசுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாலையா எங்கள் மூப்பர், பஸ் ஓட்டி ரிட்டையரானவர், நல்ல மனுஷன். அவர்தான் முதலில் பயந்தார்.

“அம்மகாரு, பாஸ்டருக்கு மூச்சு ஒரு மாதிரி இஸ்துக்கினு கீது. வண்டி கூப்புடட்டா?”

கூப்பிடுங்கள், அவர் கண் விழித்து யாருக்கு விசுவாசம் குறைந்தது என்று கேட்டால் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். பாலையா மறுபடி முழங்காலில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மத்தியானம் என் கணவர் திடீரென்று பாலையாவின் கையைப் பிடித்தார். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தாலும் வார்த்தை தெளிவாகத்தான் வந்தது.

“எனக்கு சுகமாவல. ஊசி வேணும். ஹர்ஷினியும் கேட்டா. நான் குடுக்கல. எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்.”

ஜெபம் நின்றுவிட்டது. எத்தனையோ வருஷமாக நான் கேட்க நினைத்தது அதுதான், சபை முழுக்கவும் கேட்டது. அத்தோடு விட்டிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அடுத்த அறையில் சட்டி இருந்தது, சட்டியில் மருந்து இருந்தது. பாலையா என்னைப் பார்த்தார். நான் எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பினேன்.

“இது பாஸ்டர் பேசல. அவிசுவாச ஆவி பேசுது. சத்தமா ஜெபம் பண்ணுங்க.”

பண்ணினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, சொன்னதைச் செய்கிற ஜனம். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துதான் பார்த்தார். மறுநாள் காலையில் உயிர் போய்விட்டது.

வெதுருகுப்பத்திலிருந்து அவருடைய அண்ணன் வேணு வந்தார். அவர் விசுவாசி இல்லை, அதனால் ஆண்டவர் சித்தம் என்ற பேச்செல்லாம் அவரிடம் எடுபடவில்லை. “என் தம்பி இன்னா மருந்து துன்னுக்கினு இருந்தான்?” என்று மட்டும் கேட்டார். மூப்பர்மார் ஜெபம் பண்ண முழங்காலில் உட்கார்ந்துவிட்டார்கள். நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்.

மருந்து கால்வாயில் இல்லை. அவரிடம் பொய்தான் சொன்னேன். கான்ஸ்டபிளை அனுப்புங்கள், சட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும். மணலைக் கிளறினால் இரண்டு பாட்டில் வரும், குழம்ப வேண்டாம். மேலே இருப்பது அவருடையது. அடியில் லேபிள் அழிந்துபோய் ஒன்று இருக்கும், அது ஹர்ஷினியுடையது. அவர் கொட்டச் சொன்னபோது எனக்கு மனசு வரவில்லை, அந்தச் சட்டியை முதலில் அதற்காகத்தான் வாங்கினேன். இத்தனை வருஷமும் அதற்கும் சேர்த்துத்தான் தண்ணீர் தெளித்து வந்தேன்.

அன்றைக்கு அவர் மறுத்த பிறகு ஹர்ஷினி என் பக்கம் திரும்பி, நீயாவது போடும்மா என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டி அடுத்த அறையில்தான் இருந்தது. நான் ஆமென் என்றேன்.

பாஸ்டருடைய மனைவி வேறு என்ன சொல்ல முடியும்? என் பிள்ளையைக் கொன்றவர் அவர்தான், மேடம். மற்றது எப்படியோ போகட்டும், அதை மட்டும் தெலுங்கில் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.