அவளுக்கு ஒண்ணும் தெரியாது

நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள், ஐயா. அதுவே எனக்குப் பெரிய விஷயம். எங்கள் வீட்டில் நான் வாயைத் திறந்தால் போதும், மீதியை என் வீட்டுக்காரரே பேசி முடித்துவிடுவார். அதுவும் தப்பாக.

அவருக்கு இதயத்துடிப்பு சீராக இல்லை. ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். எடுத்துக் கொடுப்பது என் வேலை, விழுங்குவது அவர் வேலை. எதற்கென்று நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதின சங்கு. சத்து மாத்திரை என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

அன்று மின்விசிறியைத் துடைக்க ஸ்டூலில் ஏறினார். ஒரு கால் ஆடுகிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். சும்மா இரு என்றார். சும்மா இருந்தேன். விழுந்ததில் பின்மண்டை தரையில் மோதியது.

ஆஸ்பத்திரியில் நினைவோடுதான் இருந்தார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அவர் முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர். அவகிட்ட கேக்காதீங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

எரிச்சலாக வந்தது. மாத்திரை அட்டை என் கைப்பையில் இருந்தது. பையை மூடிவிட்டேன்.

பரிசோதனையில் ரத்தம் சரியாக உறையவில்லை என்று வந்தது. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மூளையில் பலமாக அடிபட்டால் உடம்பு முழுக்க அழற்சி கிளம்புமாம். ரத்தத்தை உறையவைக்கிற சரக்கெல்லாம் தாறுமாறாகச் செலவழிந்து, உள்ளே கசிவு நிற்காமல் போகுமாம்.

"சில பேருக்கு அடியே இப்படிப் பண்ணிடும்மா. மாத்திரையால வந்திருந்தா முறிக்க மருந்து இருக்கு. இவர்தான் எதுவும் சாப்பிடலையே."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். எவ்வளவு படித்த பெண், என்னிடம் இன்னொரு தடவை கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் நர்ஸ் அந்தப் பக்கம் போயிருந்தபோது அவர் அரைக்கண் திறந்தார். "சத்து மாத்திரை எங்க?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். விடிவதற்குள் போய்விட்டார்.

அடிபட்டதால் இறந்தார் என்று முடித்துவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்களும் பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

தெரிந்தேதான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் புருஷன் பேச்சை மீறினவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா.