காது கீறுன கெடா

காதப் பாத்துட்டுக் கைய எடுத்துட்டீகளே பாய். சும்மா புடிச்சுப் பாருங்க. நாலு பல்லு போட்டுருச்சு, முதுகெலும்பு கையில தட்டுதா பாருங்க. ஆமா, காது கீறுனதுதான். கருப்பசாமிக்கு நேந்துவிட்டது. பொய் சொல்லி விக்கணும்னா நாய் கடிச்சதுன்னு சொல்லிருக்க மாட்டேனா? இந்த அய்யலூர்ச் சந்தையில நம்மாளுக எவனும் தொட மாட்டான், சாமி குத்தம்னு பயம். விடியால இருந்து வாரான், காதப் பாக்குறான், போறான்.

ஏன் விக்கிறேனா? செத்த நேரம் நிக்கிறீகளா, அப்ப எங்க தாத்தா கதையில இருந்துதான் சொல்லணும். ஒச்சப்பன்னு பேரு. எங்கப்பாவப் பெத்தவரு. ஊரு திண்டுக்கல் ஆத்தூருக்குப் பக்கம். மழை பொய்ச்சுப்போயி கெணறெல்லாம் வத்திக் கெடந்தப்ப, ஒரு கங்காணி வந்து மேக்க மலையில ஏலத்தோட்டத்துக்கு ஆளு சேத்தான். தாத்தா கெளம்பிட்டாரு. எங்கப்பா அப்பக் கைப்புள்ள. போன புதுசுல படாத பாடு பட்டாருதான், அத நான் இல்லேங்கல. காலெல்லாம் அட்டைக்கடி. மழை விடாம ஊத்துமாம், சாக்கத் தலையில போட்டுக்கிட்டுக் களை வெட்டணும். ரெண்டு பொங்கலுக்கு வந்தாரு. வேட்டி முந்தியில ஏலக்காய முடிஞ்சு கொண்டாருவாராம், வீடே மணக்குமாம். மூணாம் பொங்கலுக்கு வரல.

எங்கப்பத்தா அய்யம்மா என்ன செஞ்சா, ஒரு குட்டியப் புடிச்சுக் காதக் கீறி, கருப்பா, எம்புருசன் வரணும், வந்தா உனக்கு இத வெட்டுறேன்னு நேந்துக்கிட்டா. நேந்த கெடாவ விக்கவும் கூடாது, நாமளா அடிச்சுத் திங்கவும் கூடாதுல்ல. அது கெழடு தட்டிச் செத்துச்சு. அடுத்த குட்டியக் கீறுனா. அதுவுஞ் செத்துச்சு. இன்னொண்ணு. அந்தக் கெடாக்க ஊரான் சோளத்துல வாய வச்சதுக்கு அவ வாங்குன ஏச்சு இருக்கே, அடேயப்பா!

அவரு அங்க நல்லாத்தான் இருந்தாரு. களை வெட்டப் போனவரு, காயக் காய வைக்கிற கொட்டகைக்கு மேஸ்திரி ஆயிட்டாரு. மலையாளம் பேசக் கத்துக்கிட்டாரு. கூட ஒருத்தியவும் சேத்துக்கிட்டாரு. தோட்டத்துக்குப் போயி வந்தவுக எல்லாருக்கும் தெரியும், ஒருத்தன் வாயத் தொறக்கலயே! அப்பத்தாகிட்ட வந்து, கெடா நல்லா வளந்துருக்கு ஆத்தான்னுட்டுப் போவானுகளாம். பாவிக.

நான் அஞ்சாப்புப் படிக்கையில ஒருநா வந்து நிக்கிறாரு மனுசன். தலை பூராம் நரை, கையில கொடை. அப்பத்தாவுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மறுநாளே கருப்பன் கோயில்ல கெடாவெட்டு, ஊருக்கே சோறு. கெழவி தலையில கனகாம்பரத்த வச்சுக்கிட்டு எலை எலையாப் போயி, இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்கன்னு சிரிக்கிறா. அவரு ஈரலத் தின்னுபுட்டு, கையக்கூடக் கழுவல, எங்கப்பாவப் பாத்துச் சொல்றாரு: அங்க உன் தங்கச்சிக்குக் கல்யாணம் வச்சுருக்கேன்ப்பா. மாப்ளையக் கைப்புடிச்சு மணவறைக்குக் கூட்டியாரப் பொண்ணுக்குக் கூடப்பொறந்தவன் வேணும். நீ வரணும், அதுக்குத்தான் வந்தேன்.

அதுக்குத்தான் வந்தாராம்! 

எங்கப்பாவா? போனாரே. அப்பத்தாதான் அனுப்புனா, அந்தப் புள்ள என்ன பாவம் செஞ்சுச்சுன்னா. கூடவே பஸ் ஏறுன தாத்தா திரும்பி வரவேயில்ல, அங்கயே இருந்து கண்ண மூடிட்டாரு. நாங்க கருப்பன ஏசுனா அப்பத்தா எங்களத்தான் வைவா. வரணும்னு நேந்தேன், வந்தாரு. இங்கயே இருக்கணும்னு நான் கேக்கலயேடி, அதுக்குச் சாமி என்ன செய்யும்பா.

என்னது? கெழவி நேந்தத அப்பவே வெட்டியாச்சே, இது எளங்கெடாவால்ல இருக்குங்கிறீகளா? நல்லாத்தான் கவனிக்கிறீக. இது நான் நேந்தது.

எங்க வீட்டுக்காரருக்கு. அவரும் மேக்கதான் போனாரு, கேரளாவுக்கு, கட்டட வேலைக்கு. தெனம் போன் வரும், அப்பறம் வாரத்துக்கு ஒண்ணு, அப்பறம் அதுவும் நின்னுபோச்சு. நான் அப்பத்தா மாதிரி ஏமாளியா? வெவரமாக் கேட்டேன். கருப்பா, அவரு திண்டுக்கல்லுக்கு வரணும், வந்தவரு திரும்பிப் போகக் கூடாது, இங்கனயே தங்கிறணும்னு.

தங்கிட்டாரு பாய். ஒரு மாசம் ஆச்சு. திண்டுக்கல்லுலயேதான். பேகம்பூர்ல, உங்க கறிக்கடைக்கு எதுத்த சந்துல பச்சை கேட்டுப் போட்ட வீடு இருக்குல்ல, அதான். அங்கருந்து கூட்டியாந்தவளோட. ஆரு கூடத் தங்கணும்னு நான் சொல்லல பாருங்க.

வெக்கங்கெட்ட மனுசன், போன வாரம் எனக்குப் போன் போட்டு, அங்காளம்மா, எனக்காகக் கெடா நேந்துருக்கியாமே, வெட்டு எப்பங்கிறாரு. வெட்டாம விட்டா அவருக்கு ஆகாதாம். நான் நேராக் கோயிலுக்குப் போனேன். சூடத்தக் கொளுத்தி, நேந்ததும் நாந்தான், திருப்பி எடுத்துக்கிறதும் நாந்தான், குத்தம் வந்தா எனக்கே வரட்டும்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீங்க ஒண்ணும் பயப்பட வேணாம்.

காலையில ரெண்டு பாய்மாரு கேட்டாக, தரல. உங்களுக்காகத்தான் நிக்கிறேன். வெலைய நீங்களே சொல்லுங்க, நான் பேரம் பேச மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்காரரு உங்ககிட்டத்தான் கறி எடுக்க வருவாரு. மாநெறம், ஒசரமா இருப்பாரு, ஈரல் இருக்கான்னுதான் மொதக் கேப்பாரு. இதோட ஈரலையே குடுங்க. எம்பக்கத்துல எலை போட்டுத் திங்க வேண்டியத, கடைக்கறியாத் தூக்குவாளியில வாங்கிட்டுப் போகட்டும். வெட்டு எப்ப, எப்பன்னு கேட்டாருல்ல.

இந்தாங்க, கயித்தப் புடிங்க.