தானாக முளைத்த பூசணி

பூசணிப் பூவைக் காலையில்தான் பார்க்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் முகத்தைச் சுருக்கிக்கொள்ளும். என்னை இங்கே கூட்டி வருவதற்கு முன்னால் ஒரு நிமிடம் மாடிக்குப் போக விட்டிருந்தால் உங்களுக்கும் காட்டியிருப்பேன். பரவாயில்லை.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள் நான். உள்ளே பல்லைக் குடையும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பவர்களிடம் “ஒண்ணும் ஆகாதுங்க, வலியே தெரியாது” என்று சிரித்தபடி சொல்லிச் சொல்லி, அந்தச் சிரிப்பு வாயிலேயே தங்கிவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செத்துப்போனவர் என் நாத்தனார், என் கணவரின் அக்கா. வீடு அவருடையது. பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தும் அவரால் அதை விட முடியவில்லை. மொட்டை மாடித் தோட்டத்தில் கத்தரி ஒரு வரிசை, வெண்டை ஒரு வரிசை, அவ்வளவுதான். காய்கறிக் கழிவை மண்ணில் புதைப்போம் இல்லையா, அதிலிருந்து தக்காளியும் மிளகாயும் கேட்பாரில்லாமல் எட்டிப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எது இருக்கலாம், எது போகலாம் என்று தீர்ப்புச் சொல்வார். முளைத்தவற்றுக்கெல்லாம் நான்தான் வக்கீல். ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை.

“இருந்துட்டுப் போகட்டுமே அண்ணி. பாவம், அதுவா வந்திருக்கு.”

“அதுவா வந்ததெல்லாம் களைதான். நான் கூப்பிட்டேனா?”

இதைச் சொல்லும்போது அவர் செடியைப் பார்க்க மாட்டார், என்னைப் பார்ப்பார். நானும் அப்படி வந்தவள்தான். யாரும் பெண் பார்க்க வரவில்லை. நாங்களே கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம்; ஒரே ஒரு பையோடு வந்து நின்றேன். சொந்தக்காரர்கள் போனில் என்னைப் பற்றிக் கேட்டால், “அது தானா முளைச்சது” என்பார் நாத்தனார். சமையலறையில் எனக்கு நன்றாகக் கேட்கும்.

என் கணவர் தங்கமானவர். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னது அவருக்குச் சரி. அந்த வீட்டில் கடைசியாகப் பேசுவது எப்போதும் அக்காதான்.

பூவும் பிஞ்சுமாக நின்ற தக்காளிச் செடியை நாத்தனார் பிடுங்கிய அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். சாப்பிடும்போது அவர் சொன்னார்: “மழை முடியட்டும். நீ வேற இடம் பாத்துக்கோ. தம்பி இங்கயே இருப்பான்.” என் கணவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். கவனியுங்கள், அந்தக் கூரையை முதலில் பார்த்தவர் அவர்தான்.

அந்த வாரமே அதிசயம் நடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மழைத் தண்ணீர் இறங்கிப் போகிற ஓட்டையில், ஒரு பூசணி முளை. இரண்டு இலை, தடித்தடியாக, கை கூப்பின மாதிரி. முழங்கால் வலியால் நாத்தனார் அந்தச் சந்துக்குள் நுழைய மாட்டார். முதல் தடவையாகத் தீர்ப்பு என் கையில். எனக்குத் தலைகால் புரியவில்லை. துணி காயப்போடப் போனால் பாட்டு வந்தது. கிளினிக்கில் ஒரு கிழவர், “என்னம்மா, உனக்குப் பல்லே வலிக்காதா?” என்று கேட்டார்.

முன்பு சுவர் பூச வந்த கொத்தனார் எச்சரித்திருந்தார் என்பது உண்மைதான். “கம்பி துருப்பிடிச்சுப் போச்சும்மா. தண்ணி நின்னா இந்தக் கூரை தாங்காது. ரெண்டு ஓட்டையையும் அடைய விட்றாதீங்க” என்றார். டீ கொடுக்கப் போன என்னிடம்தான் சொன்னார். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் என்னிடம் கேட்கவுமில்லை.

செடிக்குப் பசிக்கும் என்று கொஞ்சம் மண் போட்டேன். வேர் பிடித்தது, ஓட்டை மூடியது. அப்புறம் மழை. எத்தனை அழகான மழை. மாடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். பூசணி அதில் கையையும் காலையும் நீட்டிக்கொண்டு படர்ந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அதோடு சேர்ந்து நடந்தேன்.

நாத்தனாரின் அறைக்கூரையில் ஈரம் படிந்தது. அதைக்கூட அவர் பிழையாகத்தான் பார்த்தார். “காற்புள்ளி மாதிரி இருக்கு பாரு. மேல ஓட்டை அடைச்சிருக்கான்னு போய்ப் பாத்துட்டு வா.”

போய்ப் பார்த்தேன். அன்றைக்குத்தான் முதல் பூ விரிந்திருந்தது. இறங்கி வந்து, “ஒண்ணும் ஆகாது அண்ணி” என்றேன். ஓரத்தில் புழுங்குகிறது என்று அவர் சொன்னதால் கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டதும் நான்தான். முதுகு பிடித்துக்கொண்டது. “பரவாயில்லையே, நீகூட ஒத்தாசையா இருக்க” என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மதியம் அவர் தூங்கும்போது கூரை இறங்கியது. காற்புள்ளி முற்றுப்புள்ளி ஆகிவிட்டது. சிரிக்கக் கூடாதுதான். தூசி அடங்கியதும் போய்ப் பார்த்தால், மேலே வானம் தெரிகிறது, அதன் வழியாகப் பூசணிக் கொடி ஒரு பூவோடு அறைக்குள் தொங்குகிறது. கூப்பிடாமலே வந்திருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு என் கணவர் கேட்டார்: “இந்தக் கொடிய என்ன பண்றது?”

“இருந்துட்டுப் போகட்டுங்க.”

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். அந்த வீட்டில் அன்றைக்கு நான்தான் கடைசியாகப் பேசினேன்.

இரண்டாவது ஓட்டைக்கு எப்படிப் பூசணி வந்தது என்று விடாமல் கேட்கிறீர்கள். ஒரு செடி தனியாக நின்றால் ஏங்கிப்போகாதா? சமையலறையிலிருந்து நல்ல விதையாக ஒன்று எடுத்துப் போய், கட்டை விரலால் அழுத்தி, மேலே மண்ணையும் போட்டு மூடினேன். ஆமாம், நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பிழையில்லாமல் எழுதுங்கள். வைத்தது மட்டும்தான் நான். முளைத்தது அதுவாகத்தான்.