எட்டு பேரை வைத்து ஒரு டீம்

— சரண்யாக்கா, அந்த போனை கீழ வை. நிமிசத்துக்கு ஒருதரம் அடிச்சா சார்ஜுதான் எறங்கும். நடுக்கடல்ல இன்னா டவர் கெடைக்கும்?

— பயமா இருக்குதுடா குணா. நேத்து மத்தியானமே ஆர்பருக்கு வரவேண்டிய போட்டு. காத்து எப்பிடி அடிக்குது பாரு. புள்ள வேற வயித்துல ஒதைச்சிக்கினே இருக்குது.

— அப்பா பாக்காத காத்தா? வா, இப்பிடி குந்து. போட்டுல போனவங்கள வெச்சி ஒரு பேஸ்பால் டீம் போடலாம்.

— பாகூர் கிரவுண்டுல கட்டைய தூக்கிக்கினு ஓடறியே, அதுவா? மணப்பட்டு ஊரே கடலை பாத்துக்கினு நிக்குது, இவனுக்கு வெளையாட்டு!

— குந்திக்கினு அழுவறதுக்கு இது எவ்ளோ மேலு, அக்கா. சொல்லு, பந்து போடறதுக்கு யாரு? அவருதான் பிட்சர். பாதி ஆட்டம் அவரு கையிலதான்.

— அப்பாதான். வேற யாரு? அம்பது வருசமா வலை வீசற கை.

— தோள்பட்டை போச்சே அவருக்கு. அஞ்சு ரவுண்டு தாங்குவாரு. அப்பறம்?

— அப்பறம் பச்சையப்பன். கோவக்காரன், கல்லு மாதிரி வுடுவான்.

— வேகம் இருக்கு, குறி இல்ல. நாலு பேரு மண்டைய ஒடைச்சிட்டு வருவான். குழந்தைவேலு சித்தப்பா இன்னா?

— அவரு பந்தை புடிக்கட்டும்டா. மேலேர்ந்து ஐஸ் பொட்டிய வுட்டாலே அலுங்காம புடிப்பாரு.

— கேட்சர்! அக்கா, உன்னை கோச்சா போடலாம் போல.

— சிரிக்க வெக்காதடா. சிரிச்சா அழுவ வருது... மொதல்ல கட்டைய புடிக்கறது யாரு?

— அரிகரன். பந்துல பட்டா போதும், ஓடியே பொழைச்சிக்குவான். அவனுக்கு அப்பறம் போட்டு டிரைவரு வூட்டு அண்ணந்தம்பிங்க நாலு பேரும். நல்ல கை பலம், ஓங்கி அடிப்பானுங்க.

— அவனுங்கள பக்கத்துல பக்கத்துல நிக்க வெக்காத. பந்தை வுட்டுட்டு சண்டை போடுவானுங்க. சரி, எட்டாச்சி. எத்தினி பேரு வேணும்?

— ...எட்டு போதும்.

— பொய் சொல்லாத. ஒரு டீமுக்கு ஒம்போது பேருன்னு அன்னிக்கி நீதானே சொன்னே. ஆமா, பேஸ்பால் செலக்சன்னு நீ போட்டுல போவலியே, உனக்கு பதிலா யாரு ஏறுனது? ஆளு கொறைஞ்சா அந்த வூட்டுலேர்ந்தே இன்னொரு ஆள அனுப்பணும். இல்லன்னா போட்டை அவுக்க மாட்டாங்களே.

— அப்பா எதோ பேசி சமாளிச்சாரு.

— ஏண்டா மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கறே?

— காத்துல கண்ணுல மண்ணு பூந்துடுச்சி.

— சரி, ஒம்போதாவதா உங்க மாமாவ போட்டுக்க. பாவம், என் வயித்து மேல கைய வெச்சி, புள்ள பொறக்கறவரைக்கும் கடல் ஏறமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, கடலூர்ல ஐஸ் கம்பெனி வேலைக்கு பூட்டாரு. மூட்டை தூக்கற ஒடம்பா அது? வெளையாட்டுலயாச்சும் நம்ம ஆளுங்களோட இருக்கட்டும்.

— மாமா வேணாம்கா.

— ஏன், என் புருசன் உன் டீமுக்கு ஆவமாட்டாரா?

— வேணாம்னா வுடேன்!

— இன்னாடா இப்பிடி கத்தறே? மூணு நாளா அவரு போனும் சுவிட்ச் ஆப்பு. கம்பெனியில வாங்கி வெச்சிக்கறாங்கன்னு நீதானே சொன்னே. அவரு வரட்டும், ‘உங்க மச்சினன் உங்கள டீம்லயே சேக்கல’ன்னு சொல்றேன். அப்பா மட்டும் கரை சேரட்டும். என் புருசனாச்சும் பத்தரமா கடலூர்ல இருக்காருன்ற ஒரு தெம்புலதான்டா நான் இங்க குந்திக்கினு இருக்கேன்.

— அக்கா...

— இன்னாடா? ஏன் அழுவறே? அப்பாவ பத்தி எதுனா சேதி வந்துச்சா?

— சேதி எதுவும் வரலக்கா. மாமா கடலூருக்கு போவல. என் எடத்துல அவருதான் ஏறுனாரு.