மஞ்சள் பெயிண்டை எடுக்கும் முறை

லேமினேட் தரையில் பெயிண்ட் சிந்திவிட்டால், வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றவே கூடாது. நம் பக்கத்து ஆட்களுக்கு அது கைப்பழக்கம். வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டைக் கழுவிவிடாமல் இருக்க மாட்டார்கள். இந்தத் தரைக்கு ஈரம் ஆகாது அம்மா. பலகை சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கினால் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி எழும்பிவிடும். ஈரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்லக்கண்ணு என்றால் இந்த வட்டாரத்தில் தெரியாத விவசாயி கிடையாது. நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தே ஈரப்பதம் சொல்லிவிடுவேன். இயந்திரமே என் பல்லைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

நீங்கள் இன்ஸ்பெக்டர். உங்களுக்கு எழுதிக்கொள்ள வசதியாக முறைப்படியே சொல்கிறேன்.

திருக்காட்டுப்பள்ளியில் லேமினேட் தரை போட்ட முதல் வீடு என்னுடையது. தேக்கு நிறம். கண்ணாடி பார்த்து மீசை ஒதுக்குகிற வேலையே எனக்கு இல்லாமல் போய்விட்டது, குனிந்தால் போதும். கல்லணைக்குச் சுற்றுலா போன பஸ் ஒன்று வழியில் என் வீட்டு வாசலில் நின்றுவிட்டுத்தான் போனது என்று ஊரில் சொல்வார்கள். சொல்வது நான்தான், இருந்தாலும் யாரும் மறுத்ததில்லை. தரையைப் பொருத்திய முபாரக் தஞ்சாவூர்க்காரன், தொழில் தெரிந்தவன். கத்தி வைத்துச் சுரண்டாதீங்க சார், கம்பி நார் போட்டுத் தேய்க்காதீங்க சார் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான்.

என் மனைவி காத்தாயிக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுக்கம் கொஞ்சம்தான். கால்தான் பிரச்சினை. நடந்துகொண்டே இருப்பாள், திடீரென்று நின்றுவிடுவாள். எடுத்து வைக்க நினைப்பாள், கால் வராது. "சேத்துல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குங்க" என்பாள். இளவயதில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள், அவளுக்குச் சேறு தெரியும்.

அப்படி நின்றதும் "என்னங்க" என்று கூப்பிடுவாள். நான் போய் அவள் காலுக்கு முன்னால் என் காலைக் குறுக்கே நீட்டுவேன். அதைத் தாண்டுவதற்கு அவள் கால் தானாக எழும்பும். அப்புறம் நடை வந்துவிடும். எந்த டாக்டரும் சொல்லாமல் நானே கண்டுபிடித்த வைத்தியம் இது. வெளிநாட்டில் பிறந்திருந்தால் கழுத்தில் மெடல் மாட்டி, என் காலுக்கு மட்டும் தனியாக ஒரு சிலை வைத்திருப்பார்கள்.

கூப்பிட்டதும் ஓடிவிட மாட்டேன். மரியாதை இருக்க வேண்டாமா. பேப்பரில் படித்துக்கொண்டிருந்த செய்தியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். சில நாள் விளம்பரங்களையும் படிப்பேன். அவள் நிற்பாள். எங்கே போய்விடப் போகிறாள். "திருவாரூர்த் தேர் நிலையை விட்டுக் கிளம்ப மாட்டேங்குது, வடம் பிடிக்க ஊரைக் கூட்டவா" என்று கேட்பேன். முதலில் எல்லாம் அவளும் சிரித்தாள்.

எங்களுக்கு ஒரே மகள், சுடர்விழி. திருவாரூரில் புருஷனோடு இருக்கிறாள். அவள்தான் ரிஃப்கா என்று ஒரு பிசியோதெரபிப் பெண்ணை ஏற்பாடு பண்ணினாள். அந்தப் பெண் வந்து பார்த்துவிட்டு, கட்டிலிலிருந்து வாசல்வரை, தாண்டித் தாண்டி நடப்பதற்காகத் தரையில் குறுக்கே குறுக்கே டேப் ஒட்டினாள். டேப் ஓரம் சுருண்டு காலைத் தடுக்கியது. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை.

வருடத்துக்கு ஒரு தடவை தஞ்சாவூர் போய், நான் இன்னும் சாகவில்லை என்று ஓய்வூதிய அலுவலகத்தில் நேரில் காட்டிவிட்டு வர வேண்டும். அந்த நாளை மகளும் ரிஃப்காவும் பார்த்து வைத்திருந்திருக்கிறார்கள். திரும்பி வந்து கதவைத் திறக்கிறேன், என் தேக்குத் தரையில் மஞ்சள் எனாமல் பெயிண்டில் கோடு கோடாக இழுத்து வைத்திருக்கிறது. என் முதுகில் இழுத்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

நான் கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை நான். ஈரம் அதிகம் என்று ராத்திரி பகலாகக் காத்துக்கிடந்தவனின் வண்டியைத் திருப்பி அனுப்பும்போதுகூடச் சிரித்துக்கொண்டேதான் அனுப்புவேன். கோபத்தை நான் கொட்டுவதில்லை, காயவைப்பேன்.

ரிஃப்கா கட்டில் பக்கம் நின்றுகொண்டு, "ஒவ்வொரு கோடும் ஒரு வரப்புன்னு நினைச்சுக்கங்கம்மா, தாண்டுங்க" என்றாள். காத்தாயி தாண்டினாள். நடவுக்குப் போகிற இருபது வயதுப் பெண் மாதிரி, வரப்பு வரப்பாகத் தாண்டி, கூடத்தைக் கடந்து வாசல்வரை போய்விட்டாள். கீரைக்காரியை நிறுத்தி, முளைக்கீரை பழசா புதுசா என்று ஒரு வாய்ச்சண்டையும் போட்டாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இனிமே உங்க காலு வேணாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கீரைக்காரியும் சிரித்தாள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன், தெருமுனைவரை கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு வீட்டில் "என்னங்க" என்ற சத்தமே இல்லை. நான் பேப்பரை விரித்துக்கொண்டு, காலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னைத் தாண்டிப் போவாள், வருவாள். ஒருநாள் எனக்கே காபி கொண்டுவந்து வைத்தாள், பாதி சிந்திவிட்டது, இருந்தும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாற்பது வருஷக் குடித்தனத்தில் எனக்காக அப்படி ஒரு சிரிப்பு அவள் சிரித்ததில்லை. இப்போது தரைக்காகச் சிரிக்கிறாள்.

பொங்கல் முடிந்ததும் அம்மாவைத் திருவாரூருக்குக் கூட்டிப்போகிறேன் என்று சுடர்விழி போனில் சொன்னாள். அங்கேயும் கோடு போட்டாகிவிட்டதாம். அம்மா இனிமேல் அங்கேதான் இருப்பாள் என்றாள். கொஞ்சம் யோசித்து, "நீங்களும் வாங்கப்பா" என்றாள். பக்கத்திலிருந்த காத்தாயி, "அவரு தரைய விட்டுட்டு வரமாட்டாரு" என்று எனக்குப் பதிலாகச் சொல்லி முடித்துவிட்டாள்.

சரி என்றேன். மறுநாள் தரையைச் சுத்தம் பண்ணினேன்.

மதியம் மாத்திரை போட்டுக்கொண்டால் அவள் அசந்து தூங்குவாள். ஜன்னலைத் திறந்து வைத்தேன், வாடை தங்கக்கூடாது. எனாமல் காய்ந்து கெட்டித்திருந்தால் முதலில் இளக்க வேண்டும். மகள் விட்டுப்போன முடி உலர்த்தும் மெஷினை மிதமான சூட்டில் தூரமாகக் காட்டினேன். பிறகு பிளாஸ்டிக் அட்டையைச் சாய்வாக வைத்துத் தள்ள வேண்டும். ரேஷன் கார்டு அதற்கு அருமையாக உதவியது. குடும்பத் தலைவி என்று அவள் படம்தான் அதில் இருக்கும், படம் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. மீதிக் கறைக்கு நகப்பாலிஷ் எடுக்கும் திரவம். தரையில் ஊற்றக்கூடாது, வெள்ளைத் துணியில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் பிழிந்த துணி, அப்புறம் காய்ந்த துணி. கடைசியில் மெழுகு போட்டுத் தேய்த்தேன். மெழுகு வேண்டாம் சார், வழுக்கும் என்று முபாரக் சொல்லியிருந்தான். ஒரு வேலையை எடுத்தால் முழுதாகச் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தேன்.

சாயங்காலம் எழுந்து வந்தாள். கோட்டைத் தாண்டித் தாண்டி அறையைவிட்டு வந்தாள். கூடத்தின் நடுவுக்கு வந்ததும் நின்றாள். முன்னால் கோடு இல்லை. தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன், அவள் முட்டாள் இல்லை.

"நல்லா தொடச்சிருக்கீங்க. ஒரு பொட்டுகூடத் தெரியல" என்றாள்.

நான் பேப்பரைக் கொஞ்சம் இறக்கினேன். "கூப்பிடு, வர்றேன்."

அவள் கூப்பிடவில்லை. தொடை நடுங்குவது புடவைக்கு மேலேயே தெரிந்தது. நான் விளையாட்டுச் செய்தியை முடித்து, வரன் விளம்பரங்களுக்கு வந்துவிட்டேன். பார்த்தால், தோளில் கிடந்த துண்டை எடுக்கிறாள். நடுங்குகிற கையால் அதை நீளமாக மடித்துத் தன் காலுக்கு முன்னால் குறுக்கே போட்டாள். எனக்குத் தெரியாமல் எப்போது கற்றுக்கொண்டாளோ, தானே ஒரு கோடு போட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் அம்மா என்னால் தாங்க முடியவில்லை.

முதல் காலால் தாண்டிவிட்டாள். பின்கால் துண்டின்மேல் பட்டது. மெழுகுத் தரை, துண்டு சறுக்கிக்கொண்டு போனது. தலையின் பின்பக்கம் அடிபட்ட சத்தம் கேட்டது. தேங்காய் விழுந்த மாதிரி என்று எழுதாதீர்கள், அவ்வளவு பெரிய சத்தம் இல்லை. நான் மிகைப்படுத்துகிறவன்தான், இதில் மட்டும் மாட்டேன்.

ஏன் உடனே போன் செய்யவில்லை என்று கேட்டீர்கள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. கூப்பிடப் போகிறாள் என்று காத்திருந்தேன். கூப்பிட்டால் போகத் தயாராகத்தான் இருந்தேன். தெருவிளக்கு எரிந்த பிறகும் கூப்பிடவில்லை, அப்புறம் நானாகத்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பேசாமலே போய்ச் சேர்ந்தாள். ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவு பிடிவாதம் ஒரு பொம்பளைக்கு ஆகுமா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்டீர்கள். கட்டிலிலிருந்து கூடத்தின் நடுவுவரை உள்ள கோடுகளை மட்டும் ஏன் விட்டுவைத்தேன் என்று. சுடர்விழியும் அதையே கேட்டாள். அவளிடம் திரவம் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். தீரவில்லை. அரை பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலடியிலேயே கோடு இல்லாமல் போயிருந்தால், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் படுத்திருப்பாள். கூடத்தின் நடுவுவரை அவள் வந்தாக வேண்டும். அங்கேதான் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது, என் காலைத் தவிர.