மீன்காரர் ரத்தம்

எண்பதுகளில் ஒரு மாலை, ஆயர் ஈத்தாம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எங்கம்மா உடம்புல இப்ப மீன்காரர் ரத்தம் ஓடுதுக்கா.”

“என்னடி சொல்ற? உங்கம்மா சுத்த சைவமாச்சே.”

“ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏத்துனதுல ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருச்சு. எங்க பூக்கடைக்குப் பக்கத்துல மீன் விக்கிற ஆ சொங் கேள்விப்பட்டு, பாசார்ல கடை போட்டிருக்கிற ஆளுங்களையெல்லாம் லாரியில ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாருலா. மலாய்க்காரங்க, சீனவங்க, நம்மாளுங்க, எல்லாரும் ரத்தம் கொடுத்தாங்க. அம்மா தேறி, போன வாரம் வீட்டுக்கு வந்துட்டாங்க.”

“அவரோட உங்கம்மாவுக்கு எப்பவும் சண்டையாச்சே?”

“நேத்து பாசாருக்குப் போனதுமே சண்டைதான், மீன் தண்ணி பூக்கடைப் பக்கம் வருதுன்னு. ஆனா இப்ப ‘தம்பி’ன்னு கூப்பிட்டுச் சண்டை போடுறாங்க.”